அழலும் வீக்கமும்: பெண் கருவின் மீது ஏற்றப்படும் பழி

சங்க இலக்கிய வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது முதுகலை மாணவி ஒருத்தி என்னை நிறுத்தினாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினாள். பெண் குழந்தையைச் சுமக்கும் தாய்மார்களின் உடலில் ‘வீக்கம்’ அதிகமாகிறது என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்களாம். “எங்க அத்தை இதைப் படிச்சுட்டு, ‘அப்பவே சொன்னேன்ல, உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது’ன்னு சொல்றாங்க மேம். அதுல இருந்து வீட்ல யாரும் சரியா பேசறதில்ல” என்றாள். அவளுக்கு முதல் குழந்தையும் பெண்.

அந்தச் செய்தி என்னைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. என் இரண்டாவது கர்ப்பத்தின் எட்டாம் மாதம். குரோம்பேட்டையில் ரயில்வே கேட் அருகே ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. முகம் உப்பிவிட்டது. மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினேன். பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “பொண்ணுதான். பொண்ணு அம்மாவோட அழகை எடுத்துக்கும்.” என் அம்மா சொன்னார். எதிர்வீட்டு அக்கா சொன்னார். தமிழில் முனைவர் பட்டம் பெற்றிருந்த நானும் கண்ணாடியைப் பார்த்து அதையே நினைத்துக்கொண்டேன். ஏறக்குறைய பத்து நாட்கள் அந்த வீக்கம் ஒரு ‘குறி’யாகவே வாசிக்கப்பட்டது. தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்க வீட்டுக்கு வந்த சுகாதாரச் செவிலியர்தான் முதன்முதலாக அதை ஒரு வீக்கமாகப் பார்த்தார். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். 150/100. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. நம் பக்கத்தில் அதை ‘உப்பு’ என்பார்கள். “தலை வலிக்குதா? கண்ணு மங்கலாத் தெரியுதா?” என்று அவர் கேட்ட தொனி இன்னும் நினைவிருக்கிறது. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்ந்தேன். 37ஆம் வாரத்தில் மருந்து கொடுத்து வலியை வரவழைத்தார்கள்.

பிறந்தது ஆணா, பெண்ணா என்று இப்போது கேட்கத் தோன்றும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது என்பதால் பதில் சொல்லாமல் மேலே போகிறேன்.

கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொடுவதும், அதோடு சிறுநீரில் புரதம் வருவதும் முன்சூல்வலிப்பு எனப்படும் நிலையின் அடையாளங்கள். வீக்கம் மட்டுமே அதற்குச் சான்றாகாது. ஆனால் திடீரென்று முகமும் கையும் வீங்கினால் அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும்; தாய் சாகலாம், பிள்ளையும் சாகலாம். இந்தியாவில் பிரசவகால மரணங்களுக்கான முதன்மைக் காரணங்களில் ரத்த அழுத்தக் கோளாறும் ஒன்று. ஒரு பெண்ணின் முகத்தில் தெரியும் அபாயத்தைக் கருவின் பாலாக மொழிபெயர்க்கும் பழக்கம் உயிரோடு விளையாடுகிறது. பாட்டி சொல்லிவந்த அந்த மொழிபெயர்ப்பு இன்று விஞ்ஞானத்தின் பெயரில் கைபேசியில் வருகிறது. ஆகவே அந்தச் செய்தியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அந்தச் செய்தி ‘வீக்கம்’ என்று எழுதிய இடத்தில் மூல ஆய்வு பேசியது அழற்சியை. கால் வீங்குவது திசுக்களில் நீர் தேங்குவதால். அழற்சி என்பது வேறு. கிருமியோ காயமோ நேரும்போது உடலின் தடுப்பாற்றல் உயிரணுக்கள் ஒன்றையொன்று அழைத்து, சூடும் சிவப்பும் வலியுமாக நடத்தும் வினை அது. அந்த அழைப்புகளைச் சுமந்து செல்லும் புரதங்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். தமிழில் அழற்சி என்ற சொல் ‘அழல்’ என்னும் நெருப்பிலிருந்து பிறந்தது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரிலும் நெருப்புதான் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த நெருப்பு புதிதல்ல. நிறைமாதத்தில் வரும் பொய்வலியை ‘சூட்டு வலி’ என்கிறோம். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிள்ளை வலி என்று பார்க்கிறோம். கர்ப்பத்தின் கடைசியில் உடல் காய்கிறது என்ற அனுபவ அறிவு மொழியில் முன்பே பதிந்திருக்கிறது. அழற்சியை வீக்கம் என்று எழுதியவர் ஒரு சொல்லைத் தவறவிட்டதோடு நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்துக் கண்டுபிடிப்பை மாமியாரின் கண்ணுக்கு எட்டும் இடத்துக்கு, முகத்துக்கு, இடம் மாற்றிவிட்டார். அழற்சி முகத்தில் தெரியாது. வீக்கம் தெரியும்.

மூல ஆய்வு என்ன சொன்னது? அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டது அது. 80 கர்ப்பிணிகள், 46 பேர் ஆண் கருவையும் 34 பேர் பெண் கருவையும் சுமந்தவர்கள். கர்ப்பத்தின் தொடக்கம், நடு, இறுதி என மூன்று கட்டங்களில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் இயல்பாக உள்ள சைட்டோகைன் அளவில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. பிறகு அந்த ரத்தத்தின் உயிரணுக்களைச் சோதனைக் குழாயில் பாக்டீரியாவின் ஒரு கூறோடு சேர்த்துத் தூண்டிவிட்டார்கள். அப்போது பெண் கருவைச் சுமந்தவர்களின் உயிரணுக்கள் அழற்சி சைட்டோகைன்களைக் கூடுதலாகச் சுரந்தன. இவ்வளவுதான். கிருமி வந்தால் பதில் சற்று உரக்க இருக்கும் என்று இதைச் சொல்லலாம். தாய் நோயுறுவாள் என்றோ, முகம் உப்பும் என்றோ இதிலிருந்து சொல்ல முடியாது. 80 பேரை வைத்து நம் தெருவில் நடந்து போகும் ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சராசரிகளின் வேறுபாடு தனியொருத்தியின் அடையாளம் ஆகாது. செய்தியாக்கத்தில் முதலில் உதிர்ந்துபோனது ‘வேறுபாடு இல்லை’ என்ற அந்தப் பாதி.

இந்த ஆய்வுத் துறையில் ஆண் கருவைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. குறைமாதப் பிரசவம் ஆண் கருக்களில் சற்று அதிகம். குறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகள் அதே வாரத்தில் பிறக்கும் பெண் குழந்தைகளைவிட அதிகம் தடுமாறுகின்றன. குறைமாதத்தில் முடிந்த ஆண் கர்ப்பங்களின் நஞ்சுக்கொடிகளில் நாள்பட்ட அழற்சியின் தடயங்கள் கூடுதலாகக் காணப்பட்டதாகவும் ஆய்வுகள் உண்டு. என்னைப் படுக்க வைத்த முன்சூல்வலிப்பிலும் ஒரே திசையில் பதில் இல்லை. மாதம் நிறைவதற்கு முன் வருவது பெண் கருவோடும், நிறைமாதத்தில் வருவதும் கர்ப்பகாலச் சர்க்கரையும் ஆண் கருவோடும் சற்றே சாய்ந்திருப்பதைப் பெருந்தொகுப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் சாய்வும் சிறியது. அப்படியானால் ‘ஆண் பிள்ளை தாய்க்குச் சர்க்கரையைக் கொண்டுவருவான்’ என்று ஒரு பழமொழி ஏன் உருவாகவில்லை?

இரண்டு வகைச் செய்திகளின் வாக்கிய அமைப்பை ஒப்பிட்டுப் பார்த்தேன். இலக்கணம் படித்த பழக்கம். பெண் கரு பற்றிய வாக்கியங்களில் எழுவாய் மகள், அவள் தாயை என்னவோ செய்கிறாள், தாய் செயப்படுபொருள். ஆண் கரு பற்றிய வாக்கியங்களில் எழுவாய் தாயின் உடல், அது மகனைத் தாக்குகிறது, நிராகரிக்கிறது, மகன் செயப்படுபொருள். மகள் தாய்க்குத் தீங்கு. தாய் மகனுக்குத் தீங்கு. பால் எதுவானாலும் குற்றம் செய்யும் எழுவாய் ஒரு பெண்ணாகவே இருக்கிறாள். இரண்டு கருக்களிலும் நடப்பது ஒரே உயிர்வேதியல்தான்: நஞ்சுக்கொடியும் தாயின் உயிரணுக்களும் ஒன்றோடொன்று பேசுகின்றன. யார் எழுவாய் என்று முடிவுசெய்வது எழுதுகிறவர்.

இந்த வாக்கிய அமைப்பு செய்தியாளர்கள் உண்டாக்கியதல்ல. தடுப்பாற்றலியலின் அடிப்படை உருவகத்திலேயே அது இருக்கிறது. 1953இல் பீட்டர் மெடவார் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் கேட்டார்: பாதி தந்தையின் மரபணுவைக் கொண்ட கரு தாயின் உடலுக்கு அந்நியம்தானே, வேறொருவரின் தோலை ஒட்டினால் உதறிவிடும் உடல் இதை மட்டும் ஏன் உதறவில்லை? நல்ல கேள்வி. அவருக்கு 1960இல் நோபல் பரிசும் கிடைத்தது, உறுப்புமாற்றம் பற்றிய பணிக்காக. ஆனால் ஒட்டுத்தோலோடு ஒப்பிட்ட அந்தக் கணத்திலேயே கர்ப்பம் ஒரு முற்றுகையாகிவிட்டது. தாய் ஒரு நாடு, கரு ஊடுருவல்காரர், தடுப்பாற்றல் எல்லைப்படை. ஒரு படை தன்னை அடக்கிக்கொண்டால்தான் பிள்ளை பிழைக்கும் என்றாயிற்று. எமிலி மார்ட்டின் என்ற மானுடவியலாளர் 1991இல் கருமுட்டையும் விந்தணுவும் பாடநூல்களில் எப்படிக் காத்திருக்கும் கன்னியாகவும் வீரசாகசக்காரனாகவும் எழுதப்படுகின்றன என்று காட்டினார். 1994இல் வந்த நூலில் தடுப்பாற்றல் பற்றிய பேச்சில் போர்மொழி எப்படிப் படிந்திருக்கிறது என்றும் ஆராய்ந்தார். கர்ப்பத் தடுப்பாற்றலில் இந்த இரண்டு மொழிகளும் சந்திக்கின்றன.

உடல் இந்த உருவகத்துக்குக் கட்டுப்படவில்லை. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கருப்பையின் உட்படலத்தில் நிறைந்திருக்கும் வெள்ளணுக்களில் பெரும்பான்மை ‘இயற்கைக் கொல்லி’ என்று பெயரிடப்பட்டவை. பெயரை வைத்தால் அவை கருவைக் கொல்ல வேண்டும். அவை செய்வதோ, தாயின் ரத்தக் குழாய்களை அகலப்படுத்தி நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் பாய வழிசெய்யும் வேலை. கொல்லி என்று பெயர் சூட்டப்பட்டது கால்வாய் வெட்டிக்கொண்டிருக்கிறது. கர்ப்பம் முழுவதும் தடுப்பாற்றல் அடங்கிக் கிடக்கிறது என்ற எண்ணமும் இப்போது இல்லை. கில் மோர் போன்றோர் அதை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கரு பதியும் தொடக்கத்தில் அழற்சி, நடுமாதங்களில் அமைதி, கடைசியில் மறுபடியும் அழற்சி. அந்தக் கடைசி அழற்சி நோயல்ல. வெள்ளணுக்கள் கருப்பைவாய்க்குள் திரண்டு அதை மென்மையாக்குகின்றன. சைட்டோகைன்கள் புராஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தூண்டுகின்றன. கருப்பை சுருங்கத் தொடங்குகிறது. கிருமி இல்லாமலேயே மூட்டப்படும் நெருப்பு இது. இது உரிய நேரத்தில் மூளாவிட்டால் பிள்ளை வராது. நேரத்துக்கு முன் மூண்டால் குறைமாதம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல், தாயின் ரத்தத்தில் தடுப்பாற்றல் உயிரணுக்கள் மாறிவரும் ஒழுங்கை வைத்து அவள் எத்தனையாவது வாரத்தில் இருக்கிறாள் என்று கணிக்க முடியும் எனக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கடிகாரம். போருக்குப் பதிலாகக் கடிகாரம் என்று சொல்லிப் பார்க்கும்போது அதே உடல் எவ்வளவு வேறாகத் தெரிகிறது!

உண்மையில் மோதலே கிடையாதா என்று கேட்டால், உண்டு. ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு ஆர்எச் பாசிட்டிவ் பிள்ளை உருவாகும்போது அவள் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் அடுத்த பிள்ளையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். அதற்காகத்தான் 28ஆம் வாரத்திலும், பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி. மருத்துவம் இந்த ஒரு மோதலைப் புரிந்துகொண்டு தடுத்தது பெரிய சாதனை. ஆனால் ஒரு சண்டையை வைத்து ஒரு குடும்பத்தின் முழுக் கதையையும் எழுதக் கூடாது.

‘இம்யூன்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு வரியிலிருந்தும் பொதுக் கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவர் என்று பொருள். தமிழில் நாம் அதை ‘எதிர்ப்பு சக்தி’ ஆக்கினோம். தாம்பரம் சானடோரியம் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு அந்தச் சொல் அன்றாடம். 1928இல் சௌரிமுத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய மருத்துவமனை பின்னர் எச்ஐவி தொற்றோடு வாழ்பவர்களுக்கும் புகலிடமானது. பக்கத்திலேயே 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. கொரோனா நாட்களில் கபசுரக் குடிநீருக்கு நின்ற வரிசையில் எல்லார் வாயிலும் எதிர்ப்பு சக்தி. காசத்துக்கும் கொரோனாவுக்கும் அந்தச் சொல் பொருந்தலாம். கர்ப்பத்துக்கு வரும்போது ‘எதிர்ப்பு’ யாருக்கு எதிராக என்ற கேள்வியைத் தானாகவே எழுப்பிவிடுகிறது. இங்கே ‘தடுப்பாற்றல் சமிக்ஞை’ என்று எழுதலாம். ‘உயிரணுக்களின் பேச்சு’ என்றும் எழுதலாம். பேச்சில் உடன்பாடும் இருக்கலாம், முரணும் இருக்கலாம்.

இந்தப் பேச்சில் கருவின் பாலுக்குப் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நஞ்சுக்கொடி கருவின் திசு. பெண் கருவின் நஞ்சுக்கொடி உயிரணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆண் கருவில் ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். தடுப்பாற்றல் தொடர்பான மரபணுக்கள் பல எக்ஸில் இருக்கின்றன. ஆகவே சமிக்ஞைகள் வேறுபடுவது இயல்பு. அந்த வேறுபாட்டை ஆராயவும் வேண்டும். குறைமாத ஆண் சிசுவைக் காப்பாற்ற அது உதவலாம். ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் ஆண் உடலே மனித உடலாகக் கொள்ளப்பட்டது. அமெரிக்க தேசிய நல நிறுவனங்கள் தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளில் பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதித்தது 2016இல்தான். பால் வேறுபாட்டு ஆய்வு பெண்ணியம் கேட்டுப் பெற்ற ஒன்று. அதைக் கைவிடச் சொல்வது என் நோக்கமல்ல. யாருடைய உயிரணு எண்ணப்படுகிறது, யாருடையது எண்ணப்படாமல் போகிறது என்று கேட்பதுதான்.

1996இல் டயானா பியாங்கியும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். மகனைப் பெற்ற பெண்களின் ரத்தத்தில், பிரசவமாகி 27 ஆண்டுகளுக்குப் பிறகும்கூட, அந்த மகனிடமிருந்து வந்த உயிரணுக்கள் இருந்தன. பிள்ளை வெளியே வந்த பிறகும் ஒரு பகுதி தாய்க்குள் தங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டே டென்னிஸ் லோ குழுவினர் கர்ப்பிணியின் ரத்தநீரில் கருவின் டிஎன்ஏ மிதப்பதைக் கண்டார்கள். இன்றைய ரத்தப் பரிசோதனைகள் பலவற்றுக்கு அதுவே அடித்தளம். இரண்டிலும் தேடப்பட்டது ஒய் குரோமோசோம். காரணம் எளிது: பெண்ணின் உடலில் ஒய் கிடையாது, ஆகவே ஒய் தெரிந்தால் அது பிள்ளையுடையது. மகளின் உயிரணுவும் தாயின் உயிரணுவும் இரண்டு எக்ஸ் கொண்டவை. பிரித்துக் காண்பது கடினம். மகள்களும் தாயின் உடலில் தங்குகிறார்கள். ஆனால் இத்துறையில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி மகன்களைப் பற்றியதே, ஏனென்றால் கருவிக்கு அவர்கள்தான் எளிதில் தென்பட்டார்கள். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. ஆனாலும் இதைப் படித்தபோது நம் வீட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது. ‘எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்டால் மகன்களை மட்டும் எண்ணிச் சொன்ன தாத்தாக்கள் நமக்கெல்லாம் இருந்தார்கள்.

நம் இலக்கியம் இந்த வயிற்றை எப்படிப் பார்த்தது? குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார் நீர் நிறைந்து வானில் ஏற முடியாமல் தளரும் மேகத்துக்கு முதற்சூல் கொண்ட பெண்ணை உவமை சொல்கிறார். அவளுடைய பாரம், நடக்கமாட்டாத அசதி, புளிப்பின் மேல் வேட்கை எல்லாம் அதில் வருகின்றன. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்ற கேள்வி வரவில்லை. அவர் கண் சுமப்பவள் மீது இருக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் பெறுவதைத் தன் கடமை என்று பேசும் தாயைக் காட்டுகிறார். அங்கே பிள்ளை என்றால் போருக்குப் போகும் மகன். இருவரும் பெண் புலவர்கள். பெண் எழுதினாள் என்பதாலேயே வயிறு விடுதலை பெற்றுவிடவில்லை என்பதற்காக இந்த இரண்டையும் வகுப்பில் அடுத்தடுத்து வைத்து நடத்துவேன்.

பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. காப்பு முதல் அம்புலி வரை பிள்ளை வெறும் பிள்ளை. கடைசி மூன்றில்தான் ஆணுக்குச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும், பெண்ணுக்கு அம்மானையும் ஊசலும் போன்றவையும் என்று பாதை பிரிகிறது. பத்தில் ஏழு பங்கு பொது என்ற அந்தக் கணக்கு, கருவின் உயிரியலையும் நினைக்கும்போது, செய்தித் தலைப்புகளைவிட நேர்மையானது. திருமந்திரத்தின் கருவுற்பத்திப் பகுதியோ மூச்சு வலப்புறம் ஓடினால் ஆண், இடப்புறம் ஓடினால் பெண் என்கிறது. இரண்டும் ஒத்தால், இன்று நாம் சொல்லத் தயங்கும் சொல்லால், மூன்றாவது ஒரு பாலையும் குறிக்கிறது. உயிரியலாக அதை ஏற்க முடியாது. ஆனால் உரைகளில் அது ஆணின் மூச்சாகவே கொள்ளப்படுவதைக் கவனிக்க வேண்டும். பால் தந்தை வழியாக முடிவாகிறது என்ற எண்ணமாவது அதில் இருந்தது. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி வண்டுகளை ஆராய்ந்து, விந்தணு கொண்டுவரும் குரோமோசோமே பாலை முடிவுசெய்கிறது என்று நிறுவினார். நூற்றியிருபது ஆண்டுகள் கழிந்தும் குரோம்பேட்டையில் ஒரு மருமகள் முகத்தைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், ஆண் பிள்ளை வேண்டும் என்பதையே பெயராகக் கொண்ட பும்சவனம் என்ற சடங்கும் நம்மிடையே உண்டு. இலக்கியத்தின் பெருந்தன்மையை மட்டும் எடுத்துக் காட்டிச் சடங்கின் கொடுமையை மறைப்பது நேர்மையாகாது.

ஏன் இவ்வளவு கவலை என்றால், இந்த மண்ணில் கருவின் பால் ஒரு தகவலாக மட்டும் இருந்ததில்லை. 1980களில் உசிலம்பட்டியின் பெண்சிசுக் கொலைகள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. தாம்பரத்தில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன் அந்தக் கொடுமையை ‘மண்ணகத்துப் பூந்துளிகள்’ நாவலாக எழுதினார். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994இல் ‘கருத்தம்மா’ திரைக்கு வந்தது. அதே ஆண்டு கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. எருக்கம்பாலின் இடத்தை ஸ்கேன் எடுத்துக்கொண்ட காலம் அது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் தமிழ்நாட்டில் 1000 சிறுவர்களுக்கு 943 சிறுமிகள். ஸ்கேன் மையச் சுவரில் சட்ட எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது. ஆனால் ஆசை பலகைக்கு அடங்கவில்லை. 2024 மே மாதம் சென்னையைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர் துபாய் சென்று கருவின் பாலைத் தெரிந்துகொண்டு, அதை விழாவாக்கிக் காணொளி போட்டார். சுகாதாரத் துறை விளக்கம் கேட்டது. பலருக்கு அதில் என்ன தவறு என்றே புரியவில்லை.

இந்தச் சூழலில் தாயின் ரத்தத்திலும் அழற்சியிலும் கருவின் பாலைத் தேடும் ஆய்வுகள் செய்தியாகும்போது, அவை புதிய ஜோசியமாகிவிடுகின்றன. வெளிநாட்டில் ஒரு புள்ளியியல் வேறுபாடு; இங்கே ஒரு வீட்டின் மௌனம். முதல் பெண்ணுக்குப் பிறகு இரண்டாவதும் பெண் என்ற ‘சந்தேகம்’ போதும். சாப்பாட்டில், ஓய்வில், மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில் எல்லாவற்றிலும் அது தெரியும். அழற்சி பற்றிப் பேச விரும்புகிறவர்கள் இதையும் அழற்சியின் கணக்கில் சேர்க்க வேண்டும். நீடித்த மன அழுத்தமும் உடலின் அழற்சிச் சமிக்ஞைகளை மாற்றுகிறது என்பது தடுப்பாற்றலியலில் பரவலாக ஆராயப்பட்ட செய்தி. பெண் கருவைச் சுமப்பவளின் உடல் ஏன் கொதிக்கிறது என்று கேட்கிறவர்கள், பெண் கருவைச் சுமக்கிறாள் என்று நினைக்கும் வீடு அவளை எப்படி நடத்தியது என்பதையும் கேட்கட்டும். கருவைவிட அந்த வீடு அவளை அதிகம் காயவைத்திருக்கலாம்.

அந்த மாணவியோடு மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் அமர்ந்து மூல ஆய்வின் சுருக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ரத்தத்தில் இயல்பான அளவில் வேறுபாடு இல்லை என்ற வரியை அவள் இரண்டு முறை கேட்டு, அத்தைக்குப் படித்துக் காட்டுவதற்காக நோட்டில் எழுதிக்கொண்டாள். “கடைசியா எப்போ பிரஷர் பாத்தாங்க?” என்று கேட்டேன். போன மாதம் என்றாள். அவள் விரல்களைப் பார்த்தேன். மோதிரம் இருந்த இடத்தில் தடம் மட்டும் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறங்கி அழுத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். மாலை ஆறரை மணிக்குச் செய்தி அனுப்பினாள்: 130/80, உப்பு இல்லை, அடுத்த வாரம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.